வேதம் என்றோர் எண்

வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் வந்தால், தமிழ் பேசும் வீடுகளின் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்குவதைக் காணலாம். ஒன்று சித்திரை, வைகாசி என்று மாதம் சொல்லும். மற்றது மேடம், இடவம் என்று சொல்லும். இடுக்கியின் எல்லையில் குமுளியிலும் மறையூரிலும் இதே கதைதான். பல ஆண்டுகளில் இரண்டும் இணங்கிப் போகும். சில ஆண்டுகளில் முறுக்கிக்கொள்ளும். 2023-இல் அப்படித்தான் ஆயிற்று. தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. "இரண்டில் எது சரி?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் பெரும்பாலும் "அது அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

அப்படி முடிக்க வேண்டியதில்லை. இரண்டு நாள்காட்டிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணிக்கை மரபு. அந்த மரபின் நடுவே 16,00,984 என்ற முழு எண் நிற்கிறது. பழைய தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் அதை 'வேதம்' என்றார்கள். பெயரைக் கேட்டதும் சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டுக்கும் முன்னால் அந்த எண் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

முதலில் கலி நாள். நம் பஞ்சாங்கக் கணிதத்துக்கு ஆண்டு, மாதம் எல்லாம் பிறகுதான்; அடிப்படைச் சரக்கு நாள். கலியுகம் தொடங்கியதாக வைத்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து, அதாவது கி.மு. 3102 பிப்ரவரி 18-இலிருந்து, எத்தனை நாள் கழிந்தது என்று எண்ணிக்கொண்டே வருவார்கள். அன்று யாரும் உட்கார்ந்து எண்ணத் தொடங்கவில்லை. பிற்கால வானியலார் கணக்குக்கு வசதியாகப் பின்னோக்கி நட்ட மைல்கல் அது. 2025 ஏப்ரல் 14, விசுவாவசு ஆண்டின் முதல் நாள், இந்த எண்ணிக்கையில் 18,72,314. இதை ஏழால் வகுத்தால் மிச்சம் 3. வெள்ளிக்குப் பிறகு மூன்றாம் நாள் திங்கள்; அன்று திங்கட்கிழமைதான். கிழமை பார்க்க 18 லட்சம் நாளும் வேண்டியதில்லை, மிச்சம் போதும். இந்தக் கட்டுரை முழுவதற்கும் இதுவே சாவி: பெரிய எண்ணை வைத்துக்கொள்வது அதன் மிச்சத்துக்காக.

கிழமை எளிது, ஏழு நாளும் ஒரே அளவு. நிலவு அப்படி இல்லை. பூமிக்கு மிகத் தொலைவில் இருக்கும் நாளில் அது வானில் ஏறத்தாழ 12 பாகை நகரும். நெருங்கி வரும் நாளில் 14 பாகையைத் தாண்டிவிடும். பாலக்காடு மாவட்டத்து இராயிரநெல்லூர் மலையில் நாறாணத்துப் பிராந்தன் பாறாங்கல்லை உருட்டி ஏற்றிய கதை நமக்குத் தெரியும். ஏறும்போது மெல்ல மெல்ல, விட்டபின் கடகடவென்று. நிலவின் நடையும் கிட்டத்தட்ட அதுபோல. உச்சியில் தயங்கும், இறக்கத்தில் விரையும், மறுபடி உச்சிக்கு ஏறும். தொலைவான புள்ளியிலிருந்து மறுபடி அதே புள்ளிக்கு வர ஏறத்தாழ 27.55455 நாள் ஆகிறது.

சிக்கல் அந்தப் பின்னத்தில் இருக்கிறது. நிலவு உச்சியைத் தொடும் நேரம் ஒரு முறை விடியலில் வந்தால் அடுத்த முறை மாலையில் வரும், அதற்கடுத்த முறை இன்னொரு வேளையில். ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனி அட்டவணை போட்டுக் கட்டுப்படியாகாது. உச்சி மறுபடி விடியலுக்கே வந்து சேர எத்தனை நாள் வேண்டும்? இரண்டு சுற்றுக்கு 55 நாள் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிசகும். ஒன்பது சுற்றுக்கு 248 நாள் என்று வைத்தால் பிசகு 13 நிமிடம்தான். ஆக 248 நாளுக்கு ஒரு முறை நிலவின் நடை கிட்டத்தட்ட அப்படியே திரும்புகிறது. 248 வரி கொண்ட ஒரே பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும். திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தலாம்.

அந்தப் 13 நிமிடமும் சேர்ந்துகொண்டே போகுமே? அதற்கு அடுத்த படி 3031 நாள். 110 சுற்றுக்கு 3031 நாள் என்றால் பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இந்த எண்ணின் பிறப்பைப் பாருங்கள்: 248-ஐப் பன்னிரண்டு முறை எடுத்து 55-ஐக் கூட்டினால் 3031. அடுத்த படி 12,372. அது 3031-இன் நான்கு மடங்கோடு ஒரு 248. சிறிய வட்டம் விட்ட பிழையைப் பெரிய வட்டம் சரிக்கட்டுகிறது. பின்னத்தை முழு எண்களின் விகிதமாகப் படிப்படியாக நெருங்கும் வழி இது. இன்றைய கணிதப் பாடத்தில் தொடர் பின்னம் என்பார்கள். அந்த வழியில் 27.55455-ஐ நெருங்கினால் 55-க்குப் பிறகு 248 வந்து நிற்கும், அதன்பின் 3031 வந்து நிற்கும். பழைய கணக்கர்கள் குத்துமதிப்பாகப் பொறுக்கிய எண்கள் அல்ல இவை. அவற்றைவிடச் சிறிய நாள் எண்ணிக்கையில் அவ்வளவு துல்லியம் கிடைக்காது.

இந்த எண்கள் நமக்கு மட்டும் உரியவையும் அல்ல. 248 நாள் வட்டம் பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. 248-உம் 3031-உம் உரோமர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரசுத் தாள்களில் இருக்கின்றன. வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையிலும் இருக்கின்றன. எண் ஊர் ஊராகப் பயணம் செய்திருக்கிறது. நம்மவர் பங்கு, அதை 248 வாக்கியங்களாக்கி மனத்தில் ஏற்றி நூற்றாண்டுக் கணக்கில் கைமாற்றி வந்தது.

இப்போது 16,00,984-க்கு வருவோம். கலி தொடங்கியதிலிருந்து இத்தனை நாள் கழிந்த தேதி 1282 மே 22. அன்று விடியலை ஒட்டி நிலவு தன் தொலைவான புள்ளியில் இருந்தது என்று கணக்கு சொல்கிறது. அதாவது கல் மலையுச்சியில் நிற்கும் விடியல். அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் 12,372, 3031, 248 ஆகிய எல்லா வட்டங்களும் சுத்தமாகப் பூச்சியத்தில் தொடங்கும். எனவே இன்றைய கலி நாளிலிருந்து 16,00,984-ஐக் கழித்துவிட்டால், பழைய பாரமெல்லாம் இறங்கிவிடும். வேதம் என்ற எண்ணின் வேலை, கழிக்கப்படுவது. அவ்வளவுதான்.

எண்ணாக மட்டும் பார்த்தாலும் அது சுவையானது. 16,00,984 = 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113. ஏழால் மீதமின்றி வகுபடுவதால், கலி தொடங்கிய அதே வெள்ளிக்கிழமையில்தான் 1282 மே 22-உம் விழுந்தது. உடனே "பார்த்தீர்களா, வெள்ளிக்கு வெள்ளி!" என்று தெய்வச் செயல் பேசத் தோன்றும். பொறுங்கள். எந்த எண்ணும் ஏழால் வகுபட ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. 11, 23, 113 என்ற காரணிகளுக்கும் வானத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஓர் எண்ணின் பண்புகளில் சில அது செய்யும் வேலையிலிருந்து வருபவை, சில தற்செயல். 27.55455-ஓடு உள்ள உறவு முதல் வகை. வெள்ளிக்கிழமை இரண்டாம் வகை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதபோதுதான் கணிதம் மந்திரமாகிவிடுகிறது.

இவ்வளவு எண்களைத் தாளும் எழுத்துமில்லாமல் எப்படி நினைவில் வைத்தார்கள்? கடபயாதி என்ற முறையால். எழுத்துகளுக்கு எண் மதிப்பு: க, ட, ப, ய நான்கும் ஒன்று, அவற்றை அடுத்த எழுத்துகள் இரண்டு, மூன்று என்று ஏறும். சொல்லை வலமிருந்து இடமாகப் படித்தால் எண் கிடைக்கும். செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டத்தில் இதை விளக்க இசையைவிட நல்ல வழி இல்லை. மேளகர்த்தா இராகங்களில் சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' ஏன் ஒட்டியிருக்கிறது? வடமொழி ஒலிப்பில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு. திருப்பினால் 29, அது 29-ஆவது மேளம். 'மேச' கல்யாணியில் 'மே' ஐந்து, 'ச' ஆறு, திருப்பினால் 65.

பஞ்சாங்க எண்களின் பெயர்களும் இதே தந்திரம்தான். 248-க்குப் பெயர் தேவரம். 'தே' எட்டு, 'வ' நான்கு, 'ர' இரண்டு. 3031-க்குக் கலாநிலம்: ஒன்று, மூன்று, பூச்சியம், மூன்று. 12,372-க்கு ரசகேரிகை: இரண்டு, ஏழு, மூன்று, இரண்டு, ஒன்று. வேதம் என்ற பெயரிலும் 'வே' நான்கு, 'த' எட்டு. திருப்பினால் 84, நம் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். ஆக, வேதம் என்பதை மறைநூலின் பெயராகப் படிப்பதைவிட இலக்கத்தின் நினைவுக் குறியாகப் படிப்பதே பொருத்தம். தேவரத்தைத் தேவாரமாக்கிக் கும்பிட வேண்டியதும் இல்லை.

மலையாள நாட்டில் கடபயாதிக்குப் பரல்பேரு என்று பெயர். பரல் என்றால் நமக்குச் சிலம்பின் பரல் நினைவுக்கு வரும். அங்கே கணக்குப் பார்க்கும் சோழி. 248 நாளின் நிலவு நிலைகளையும் 248 சிறு வாக்கியங்களாக்கிய பெருமையை மரபு வரருசிக்குத் தருகிறது. பறைச்சி பெற்ற பன்னிரு குலக் கதையில் வரும் அதே வரருசி. பாக்கனாரின் திருத்தாலாவும் பிராந்தனின் மலையும் அமைந்த பாரதப்புழைக் கரைதான் அந்தக் கதையின் நிலம். வரருசி வரலாற்று மனிதரா என்பதைவிட, வாக்கியங்கள் சொல்லும் எண் முக்கியம். முதல் நாளுக்கு 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). பதினான்காம் நூற்றாண்டில் இரிஞ்ஞாலக்குடைப் பக்கத்து சங்கமக்கிராம மாதவன் அதையே 12 பாகை 2 கலை 35 விகலை என்று கூர்மையாக்கினார். மனப்பாடப் பட்டியலை அவர் மாறாத மந்திரமாக வைத்துக்கொள்ளவில்லை, திருத்தினார். அவர் வழியில் வந்த ஆலத்தூர்ப் பரமேசுவரன் 1431-இல் வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்தும் திருக்கணித முறையை வகுத்தார்.

இனி ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2025 ஏப்ரல் 14-இன் கலி நாள் 18,72,314. வேதத்தைக் கழித்தால் 2,71,330. இதில் ரசகேரிகை 21 முறை அடங்கும், மிச்சம் 11,518. அதில் கலாநிலம் 3 முறை, மிச்சம் 2,425. அதில் தேவரம் 9 முறை, மிச்சம் 193. ஆக, அன்றைய விடியலுக்கு வேண்டியது பட்டியலின் 193-ஆவது வாக்கியம்.

நிலவின் இடத்துக்கு ஒவ்வொரு வட்டமும் தன் பங்கைத் தரும். வேதத்துக்கு 212 பாகை 0 கலை 7 விகலை. ரசகேரிகை ஒவ்வொன்றுக்கும் 297 பாகை 48 கலை 10 விகலை. கலாநிலத்துக்கு 337 பாகை 31 கலை 1 விகலை. தேவரத்துக்கு 27 பாகை 44 கலை 6 விகலை. முறையே 1, 21, 3, 9 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, முழுச் சுற்றுகளைத் தள்ளினால் 168 பாகை 1 கலை 34 விகலை மிஞ்சும். 193 நாளில் நிலவு ஏழு சுற்றுப் போக ஏறத்தாழ 23 பாகை கூடுதலாக நகர்ந்திருக்கும். மொத்தம் சுமார் 191 பாகை. துலா ராசி, சுவாதி நட்சத்திரம். அந்தப் புத்தாண்டுக்குப் பஞ்சாங்கங்கள் அச்சிட்ட நட்சத்திரமும் சுவாதியே.

இன்னொன்றும் கவனியுங்கள். 193 நாள் என்பது நிலவின் ஏழு உச்சிச் சுற்றுக்கு மிக நெருக்கம். ஆகவே அந்த விடியலில் நிலவு தொலைவான புள்ளியை இப்போதுதான் கடந்திருக்க வேண்டும் என்று மிச்சமே சொல்லிவிடுகிறது. 2025 ஏப்ரல் 13-இன் முழுநிலவு சிறுத்துத் தெரியும் முழுநிலவு என்று அறிவியல் செய்திகளில் வந்தது இதனால்தான். 1282-இல் நட்ட கல்லிலிருந்து 743 ஆண்டு எண்ணி வந்தும் நாள் தவறவில்லை.

இந்த முறையின் பெருமையையும் குறையையும் வெளியார் இருவர் பதிவு செய்திருக்கிறார்கள். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீ, மேகம் மறைத்து ஏமாந்தார். ஆனால் தமிழ்க் கணக்கர் ஒருவரிடம் இந்தக் கணிதத்தைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்தத் தமிழ் முறை 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயரின் கணக்கு 68 விநாடி கூட்டிச் சொன்னது. இதைச் சொல்லி மார்தட்டுவோர் அடுத்ததையும் சொல்ல வேண்டும். ஜான் வாரன் 1825-இல் சென்னையில் 'கால சங்கலிதம்' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணை முழுவதையும் நினைவிலிருந்தே எடுத்து அந்த ஆண்டு மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். ஒரு கிரகணத்தை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது என்பதே இந்த இரண்டும் சேர்ந்து சொல்லும் பாடம். வாரனின் பதிவுகளை 1952-இல் ஆராய்ந்த வானியல் வரலாற்றறிஞர் நாய்கெபவர் கவனித்த விஷயம் இதைவிட முக்கியமானது: கணக்கர்களுக்கு ஒவ்வொரு படியும் தெரிந்திருந்தது, அந்தப் படி எதற்கென்ற காரணம் மறந்து போயிருந்தது.

இப்போது எல்லையோர வீட்டுச் சுவரின் இரண்டு நாள்காட்டிகளுக்குத் திரும்புவோம். அங்கேயும் ஒரு பெரிய எண் ஒளிந்திருக்கிறது. ஆரியபட்டர் 43,20,000 ஆண்டுக்கு 1,57,79,17,500 நாள் என்றார். இரண்டையும் 7,500-ஆல் சுருக்கினால் 576 ஆண்டுக்கு 2,10,389 நாள். இதற்கு மேல் சுருங்காது. ஏனெனில் 2,10,389 என்பது 61 × 3,449, இரண்டுமே பகா எண்கள், 576-இல் இரண்டும் மூன்றும் தவிர வேறு பகா எண் இல்லை. ஆண்டு ஒன்றுக்கு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை (ஒவ்வொன்றும் முந்தியதில் அறுபதில் ஒரு பங்கு). அதனால் சூரியன் மேடத்தில் நுழையும் நேரம் ஆண்டுதோறும் ஆறே கால் மணி நேரம் அளவுக்குப் பின்னால் நகர்கிறது. நாளின் அதே வேளைக்குத் திரும்ப 576 ஆண்டு, கிழமையும் சேர்ந்து ஒத்துவர 4,032 ஆண்டு ஆகும்.

2023-இல் வாக்கியக் கணக்கின்படி அந்த நுழைவு ஏப்ரல் 14 அன்று உதயத்திலிருந்து ஏறத்தாழ 20 நாழிகை கழிந்து, பிற்பகலில் நடந்தது. தமிழ்நாட்டு வழக்கில், சூரியன் மறைவதற்குள், அதாவது ஏறத்தாழ 30 நாழிகைக்குள், நுழைந்தால் அன்றே மாதப் பிறப்பு. கேரள வழக்கில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது 18 நாழிகைக்குள் நுழைந்தால்தான் அன்று, தாண்டினால் மறுநாள். இருபது என்பது பதினெட்டைத் தாண்டியது, முப்பதைத் தாண்டவில்லை. எனவே வாளையாற்றுக்குக் கிழக்கே 14, மேற்கே 15. வானம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். வேறுபட்டது, எந்த நாழிகையில் கோடு போடுவது என்ற ஊர் வழக்கு. பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் இது: இரண்டும் சரி.

பஞ்சாங்கம் என்றதும் நல்ல நேரம், கெட்ட நேரம் என்று ஒரு கூட்டமும், மூடநம்பிக்கை என்று இன்னொரு கூட்டமும் எழுந்துவிடுகிறது. 16,00,984 இரண்டு கூட்டத்திலும் சேராது. அது யாருடைய திருமணத்தையும் நிச்சயிக்காது. நிலவு எங்கே நிற்கிறது என்பதை மட்டும், இருபதே நிமிடத்தில் காகிதத்தில் போடக்கூடிய வகுத்தலால் சொல்லும். மீதி வரும் வகுத்தலைக் கற்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட உயிருள்ள பாடம் எங்கே கிடைக்கும்? எல்லையோரப் பள்ளிகளில் தமிழ், மலையாளம் என இரு வழிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போடக்கூடிய கணக்கும் இதுதான். படிகளோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். நாம் முன்பு தொலைத்தது அதைத்தான்.

தொடங்க ஒரு மைல்கல் தருகிறேன். 2000 ஜனவரி 1-இன் கலி நாள் 18,63,079. ஏழால் வகுத்தால் மிச்சம் 1, அன்று சனிக்கிழமை. அங்கிருந்து உங்கள் பிறந்த நாளுக்கு எண்ணிப் போய், வேதத்தைக் கழித்துப் பாருங்கள்.